படலைக்கு ஆள் வந்தால் விடாமல் குலைக்கிற நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடுகளுக்குச் சினை ஊசி போடவும் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடவும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் வீடு வீடாகப் போகிற வேலை என்னுடையது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது நாய்தான். அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் கேட்கும் சந்தேகங்கள் மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். படலையடியில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை ஆறுதலாக இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்டபடியே.

எங்கட நாய் ஆர் வந்தாலும் குலைக்குது. எதுக்காக இப்பிடிக் குலைக்குது?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பல நாய்களில் இரண்டு கலந்திருக்கும். "ஆளொன்று வருது, வந்து பார்" என்று உங்களைக் கூப்பிடுவது ஒன்று. "கிட்ட வராதே" என்று பயத்தில் குரைப்பது இரண்டாவது. தெரிந்த ஆளைக் கண்ட புளுகத்தில் குரைப்பது மூன்றாவது.

இதோடு நாய் தானாகப் படித்துக்கொள்ளும் பாடமும் ஒன்று உண்டு. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருடைய வேலை முடிந்துதான் போனார் என்று நாய்க்குத் தெரியுமா? தான் குரைத்துத் துரத்திவிட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். மீன்காரர், பாண்காரர், சீட்டுக்காசு வாங்க வருகிறவர் என்று ஒவ்வொரு நாளும் அதற்கு வெற்றிதான். ஒவ்வொரு வெற்றியோடும் குரைப்பு இன்னும் உறுதிப்படுகிறது. நுண்கடன் காசு கேட்டு வருகிறவரைப் பார்த்துக் குரைத்தால் மட்டும் சில வீடுகளில் யாரும் தடுப்பதில்லை. அது வேறு கதை.

முழுக்க நிப்பாட்டேலாதோ? எனக்குச் சத்தமே கேக்கக் கூடாது.

முயலவே வேண்டாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் தென்னையடிக்கு யானை வந்தால் முதலில் சொல்வது நாய். மரவள்ளிக்குள் பன்றி இறங்கினாலும், கோழிக்கூட்டடியில் பாம்பு ஊர்ந்தாலும், இரவில் பட்டியில் மாடு அவிழ்க்க ஆள் வந்தாலும் அதுதான் சொல்லும். சத்தமே இல்லாத நாயை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் குடியிருப்பது சிரமம்.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஆள் வந்தால் மூன்று நாலு தரம் குரைக்கட்டும். நீங்கள் வெளியே வந்து பார்த்து "காணும்" (போதும்) என்றதும் நிறுத்தட்டும். அறிவிப்பது அதன் வேலை, யார் உள்ளே வரலாம் என்பது உங்கள் பொறுப்பு. கீழே சொல்லப்போவது எல்லாம் இதற்குத்தான்.

பயத்தில குலைக்குதோ, கோவத்தில குலைக்குதோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

சத்தத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். பயந்த நாய் முன்னால் பாய்ந்து உடனே பின்வாங்கும். வால் தாழ்ந்து காலுக்கிடையில் போகும், காது பின்னால் மடியும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். குரைப்புக்கு நடுவில் உதட்டை நக்கும், சம்பந்தமில்லாமல் கொட்டாவி விடும். அறிவிக்கிற நாய் படலையையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும். புளுகத்தில் குரைக்கிற நாய்க்கு இடுப்போடு சேர்த்து வால் ஆடும், உடம்பு வளைந்து நெளியும்.

வால் ஆட்டினால் பயமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, அதன் நுனி மட்டும் துடிக்கிற நாயிடம் கிட்டப் போகக் கூடாது. பெருஞ்சத்தம் போடுகிற நாயை நான் அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை. குரைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று அமைதியாகி உற்றுப் பார்க்கிற நாயைக் கண்டால், வீட்டுக்காரர் வரும்வரை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன்.

நான் "ஏய், பேசாம இரு" எண்டு கத்துறன். கத்தக் கத்த இன்னும் கூடுது.

கூடும்தான். நாய் குரைக்கிறது, நீங்களும் உரத்த குரலில் கத்துகிறீர்கள், உள்ளேயிருந்து பிள்ளையும் கத்துகிறது. நாய்க்கு இதில் விளங்குவது, முழு வீடும் தன்னோடு சேர்ந்து அந்த ஆளை எதிர்க்கிறது என்பதுதான். உங்கள் குரல் தாழ்ந்தால்தான் அதன் குரலும் தாழும்.

ரெண்டு அடி போட்டால் நிக்கும்தானே? எங்கட அப்பாவின்ர காலத்தில அப்பிடித்தான்.

அடிக்கிற கை பக்கத்தில் இருக்கும்வரை நிற்கும். ஆனால் நாய் கணக்குப் போடுவது வேறு மாதிரி. ஆள் வந்தார், எனக்கு அடி விழுந்தது. ஆகவே ஆள் வருவது கெட்ட சங்கதி. முன்பு சந்தேகத்தில் குரைத்த நாய் இப்போது வெறுப்போடு பார்க்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. உறுமினால் அடி, குரைத்தால் அடி என்று பழகிய நாய், எச்சரிக்கையை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் போகும்.

வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலையில் நாய்களும் ஈடுபட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்தின் மணம் பட்டால் சத்தமில்லாமல் உட்காரப் பழக்கப்பட்ட நாய்கள் அவை. ஓர் அடி தவறினால் உயிர் போகிற வேலைக்கே நாயைப் பழக்குவது பந்து விளையாட்டையும் தட்டிக்கொடுப்பையும் கூலியாகக் கொடுத்துத்தான். படலையில் பேசாமல் நிற்கப் பழக்குவதற்கு நமக்குப் பிரம்பு தேவையில்லை.

சரி, அப்ப எப்பிடித்தான் பழக்கிறது?

முதல் பாடம் படலையடியில் அல்ல. ஆட்கள் வராத நேரம் பார்த்துப் பின்வளவில் தொடங்குங்கள். கையில் நாய்க்குப் பிடித்த தீனித் துண்டுகள் கொஞ்சம் இருக்கட்டும். பிள்ளையை விட்டு கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள், நாய் குரைக்கும். துண்டை அதன் மூக்குக்கு நேரே பிடியுங்கள். மோப்பம் பிடிக்க வாயை மூடியாக வேண்டும். மூடிய அந்தக் கணத்தில் சாதாரணக் குரலில் "காணும்" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். இப்படிச் சில நாள் போன பிறகு, துண்டைக் காட்டாமல் முதலில் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். நாய் வாயை மூடி உங்கள் கையைப் பார்த்தால் பாடம் ஏறிவிட்டது. அதன் பிறகு துண்டு கொடுக்குமுன் ஒரு விநாடி, மூன்று விநாடி, பத்து விநாடி என்று அமைதியை நீட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது பாடம் சாக்கு. விறாந்தையின் மூலையில், படலைக்கு எட்டத்தில், ஒரு பழைய சணல் சாக்கை மடித்துப் போடுங்கள். நாய் அதில் ஒரு கால் வைத்தாலும் துண்டு போடுங்கள், கையில் அல்ல, சாக்கின் மேலேயே. பிறகு நாலு காலும் வைத்தால்தான் துண்டு; பிறகு படுத்தால்தான். "சாக்குக்குப் போ" என்ற சொல்லை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பாடம் முக்கியம். "குரைக்காதே" என்று மட்டும் சொன்னால் அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று நாய்க்குத் தெரியாது. சாக்கு இருந்தால் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறது.

மூன்றாவதுதான் படலை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவரைப் பிடித்து நாடகம் போட வையுங்கள். அவர் முதலில் படலைக்கு வரக் கூடாது. நாய் காதை நிமிர்த்திப் பார்க்கும், ஆனால் இன்னும் பாயாத தூரத்தில் வீதியில் நிற்கட்டும். அவர் கண்ணில் படுகிற நேரமெல்லாம் துண்டு துண்டாகக் கொடுங்கள், மறைந்ததும் கொடுப்பதை நிறுத்துங்கள். அடுத்த நாள் ஐந்து அடி கிட்ட வரட்டும். நாய் வெடித்துக் குரைத்தால் கிட்ட வந்தது கூடிவிட்டது, பின்னால் போகச் சொல்லுங்கள். கடைசியில் அவர் படலைச் சங்கிலியை ஆட்டி "வீட்டுக்காரர்" என்று கூப்பிட, நாய் நாலு தரம் குரைத்து, நீங்கள் "காணும், சாக்குக்குப் போ" என்று சொல்ல, அது திரும்பிப் போனால் நாடகம் முடிந்தது. அடுத்தது உண்மையான விருந்தாளி.

எங்களுக்கே கறி இல்லாத நாள் இருக்கு. நாய்க்கு என்னத்தைக் குடுக்கிறது?

பெட்டியில் விற்கிற நாய் பிஸ்கட் வேண்டாம். அவித்த முட்டை ஒன்றை நுள்ளி நுள்ளிக் கொடுத்தால் ஒரு நாள் பாடத்துக்குக் காணும். கோழி ஈரலை அவித்து வெட்டலாம். நெத்தலிக் கருவாடு நாய்க்கு உயிர், ஆனால் உப்பு கூடாது; தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொடுங்கள். துண்டு ஒரு கச்சான் பருப்பின் அளவு இருந்தால் போதும். வயிறு நிறைந்த நாய் படிக்காது, ஆகவே சோறு வைக்குமுன் பழக்குங்கள்.

சொக்கிலேற், வெங்காயம், திராட்சை, முந்திரி வத்தல் (உலர்ந்த திராட்சை) நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

எவ்வளவு நாள் எடுக்கும்?

இளம் நாய் சில கிழமைகளில் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்காகக் குரைத்து வெற்றி கண்ட நாய்க்கு மாதங்கள் எடுக்கலாம். ஒரு நாளில் ஐந்து நிமிடம், இரண்டு தரம். அதற்கு மேல் நாயும் சலிக்கும், நீங்களும் சலிப்பீர்கள்.

இடையில் ஒரு கட்டத்தில் குரைப்பு முன்பைவிடக் கூடும். இதுவரை பலித்த வித்தை பலிக்காமல் போகும்போது நாய் கடைசியாக முழுப்பலத்தோடு முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் "இது சரிவராது" என்று விட்டுவிட்டால், விடாப்பிடியாகக் குரைத்தால் வெல்லலாம் என்று நாய் படித்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். அம்மா "காணும்", அண்ணா "ஷட் அப்", அம்மம்மா "அடிச்" என்றால் நாய் யாருக்கும் கேட்காது.

சங்கிலியில கட்டினாப் பிறகுதான் மோசமாப் போச்சு. ஏன்?

கட்டப்பட்ட நாயால் விலகிப் போக முடியாது. பயந்த நாய்க்கு ஓடவும் வழியில்லை, கிட்டப் போய் மணந்து பார்க்கவும் வழியில்லை. மிஞ்சியிருப்பது வாய் மட்டும்தான். ஒவ்வொரு தரமும் பாய்ந்து கழுத்து இழுபட, அந்த வலியும் வந்த ஆளின் கணக்கில் போகிறது. பல வீடுகளில் படலைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டுவார்கள், காவல் என்று. அதைவிட மோசமான இடம் இல்லை.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் படலை தெரியாத பின்வளவில், நிழலில், தண்ணீரோடு கட்டுங்கள். இரண்டு மரத்துக்கிடையில் உயரமாகக் கம்பி இழுத்து, அதில் ஓடுகிற வளையத்தில் சங்கிலியைக் கொளுவினால் நாய் நீளத்துக்கு நடக்கலாம். தினமும் காலையும் மாலையும் அவிழ்த்து நடத்துங்கள். ஓடி ஆறிய நாய் பாதிக்கு மேல் அமைதியாக இருக்கும்.

எங்கட வேலி கம்பி வேலி. வீட்டுக்கு வராத, றோட்டால போற ஆக்களுக்கும் குலைக்குது.

முதல் பதிலில் சொன்ன தபால்காரர் கதைதான் இங்கே நூறு மடங்கு. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள், லாண்ட்மாஸ்டர், சைக்கிள் எல்லாமே தானாகவே கடந்து போகின்றன, நாயோ தான் துரத்தியதாக நினைக்கிறது. இதைப் பழக்கித் திருத்துவதைவிட மறைப்பது சுகம். வேலியின் கீழ்ப்பாகத்தை, நாயின் கண் உயரத்துக்கு மேல் ஒரு சாண் வரை, கிடுகோ பனையோலையோ பழைய தகரமோ வைத்து அடையுங்கள். கிளுவை, பூவரசு கதியால் நட்டு அடர்ந்து வந்தால் இன்னும் நல்லது. கண்ணில் படாததற்கு நாய் அவ்வளவு குரைக்காது.

பாண் ஓட்டோவின்ர பாட்டுக் கேட்டாலே துவங்கியிடும். ஓட்டோ இன்னும் சந்திக்கே வரேல்ல.

மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் நாய் கேட்கும். நமக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் எல்லை, நாய்க்கு 45,000 வரை போகும். நாம் கேட்கும் ஒலிகளில் பலவற்றையும் அது நம்மைவிட எட்டத்திலிருந்தே பிடித்துவிடும். ஆகவே பாட்டு உங்களுக்குக் கேட்குமுன் அது ஆயத்தமாகிவிடும்.

அந்தப் பாட்டைப் போனில் பதிவுசெய்யுங்கள். மெல்லிய சத்தத்தில் போட்டு, கேட்கிற நேரமெல்லாம் துண்டு கொடுங்கள். நாய் பேசாமல் இருந்தால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டுங்கள். பாட்டுக் கேட்டதும் உங்கள் கையைத் தேடி வருமளவுக்குப் போனால் வேலை முடிந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம், படலை கிரீச்சிடும் சத்தம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். படலைப் பிணைச்சலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டாலும் பலன் உண்டு.

குலைக்கிற நாய் கடியாது எண்டு சொல்லுறவையே?

சொல்வார்கள். நம்ப வேண்டாம். மேலே சொன்ன விறைத்த உடம்பும் உற்றுப் பார்வையும் இருந்தால், குரைத்த நாயும் கடிக்கும், குரைக்காத நாயும் கடிக்கும்.

கடித்தால் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுவது. மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ வைக்க வேண்டாம். உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாள் அவதானிக்க வேண்டும். விசர் (ரேபிஸ்) நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம், ஆகவே "சின்னக் கீறல்தானே" என்று இருந்துவிடாதீர்கள். நாய்க்கு வருடாவருடம் விசர்நாய்த் தடுப்பூசி போடுவதும், பிரதேச சபையில் பதிவதும் வளர்ப்பவரின் கடமை. இந்த இரண்டுக்கும் உரிய சட்டங்கள் இலங்கையில் 1893இலும் 1901இலும் வந்தவை. ஊசிக்காரர் ஊருக்கு வரும் நாளைச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள், அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

வாற ஆக்களுக்கு என்ன சொல்லி வைக்கிறது?

ஓட வேண்டாம், கல்லெடுக்கக் குனிய வேண்டாம், நாயின் கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் திரும்பிக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டவர் கழற்றினால் நல்லது. முகமில்லாத தலையைக் கண்டு பல நாய்கள் மிரளும்.

தடவிக் கொடுக்கிறேன் என்று தலைக்கு மேலே கை நீட்டுகிறவர்களைத் தடுத்துவிடுங்கள். நாய் தானாக வந்து மணக்கட்டும். மணந்துவிட்டு விலகினால் அதோடு விட வேண்டும்.

ஆடி மாசம் கனடாவில இருந்து பேரப்பிள்ளையள் வருகினம். நாய் பழகுமோ?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. ஒரே நாளில் வான் ஒன்று வந்து நிற்கும், பத்துப் பேர் இறங்குவார்கள், பெட்டிகள், அழுகை, கட்டிப்பிடிப்பு. அங்கே வீட்டுக்குள் படுக்கிற நாயோடு வளர்ந்த பிள்ளைகள் ஓடிவந்து கட்டியணைக்கப் பார்க்கும். வளவு நாய்க்கு அது பழக்கமில்லை. வான் வருமுன்பே நாயைப் பின்வளவுக்குக் கொண்டுபோய் எலும்போ தீனியோ கொடுத்துக் கட்டிவிடுங்கள். வந்தவர்கள் முகம் கழுவித் தேத்தண்ணி குடித்து வீட்டுச் சத்தம் அடங்கட்டும்.

மாலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திண்ணையில் இருக்க, நாயைச் சங்கிலியில் பிடித்துக் கொண்டுவாருங்கள். பிள்ளை கத்தக் கூடாது, எழும்பி ஓடக் கூடாது. துண்டை நீங்கள் கொடுங்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு மூன்று நாளில் நாயே போய்ப் பக்கத்தில் படுக்கும். எவ்வளவு பழகினாலும் சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு வற்றாப்பளைக்கோ முறிகண்டிக்கோ போகாதீர்கள். சாப்பிடுகிற நாயின் பக்கத்தில் பிள்ளையை விடவே கூடாது.

இரவிலயும் "காணும்" எண்டு சொல்லலாமோ?

பார்த்த பிறகு சொல்லலாம், படுத்த இடத்தில் இருந்து சொல்லக் கூடாது. பகலில் படலைக்கு வருகிறவரை நீங்கள் கண்ணால் காண்கிறீர்கள். இரவில் நாய் காண்பது உங்களுக்குத் தெரியாது. ரோர்ச் அடித்து வளவைச் சுற்றிப் பாருங்கள், ஒன்றுமில்லையென்றால் "காணும்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். பார்க்காமலே அடக்கிக்கொண்டிருந்தால் நாய் சொல்வதையே விட்டுவிடும்.

யானை வருகிற இடமென்றால் நாயை இரவில் அவிழ்த்து விடாதீர்கள். யானையைத் துரத்திப் போகிற நாய், யானை திரும்பித் துரத்தினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும்.

ரெண்டு நாய் நிக்குது. ஒண்டு துவங்கினால் மற்றதும் சேருது.

தொடங்குகிற நாய் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதைத் தனியே பழக்குங்கள், அந்த நேரத்தில் மற்றதைப் பின்வளவில் கட்டிவையுங்கள். தலைவர் அடங்கினால் மற்றதுக்குப் பாதி வேலைதான். பிறகு அதையும் தனியே, கடைசியில் இரண்டையும் சேர்த்து. சாக்கும் இரண்டு வேண்டும்.

குட்டி எடுக்கப் போறம். இப்பவே என்ன செய்யலாம்?

குட்டி பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது கிழமை வரை கண்டதையெல்லாம் உலகத்தின் சாதாரணமான பகுதி என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் சாரம் கட்டியவர், காற்சட்டை போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் ஊன்றிய ஐயா, பிள்ளைகள், ஹெல்மெட் எல்லாவற்றையும் அமைதியாகக் காட்டுங்கள். தாயிடமிருந்து எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்க வேண்டாம். தடுப்பூசி முடியும்வரை தெருநாய்களிடம் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

எங்கட நாய்க்கு ஒன்பது வயது. இனி ஏறுமோ?

ஏறும், மெதுவாக. ஆனால் இத்தனை காலம் சாதுவாக இருந்த நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் பழக்கத்தைப் பற்றி யோசிக்குமுன் உடம்பைப் பாருங்கள். காதும் கண்ணும் மங்கிய நாய்க்கு ஆள் கிட்ட வந்த பிறகுதான் தெரியும், திடுக்கிட்டுக் குரைக்கும். மூட்டு நோவு, காதில் புண், பல் நோவு இருந்தாலும் சினம் கூடும். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குரலே மாறி, வாயில் நீர் வடிந்து, தள்ளாடி, கண்டதையெல்லாம் கடித்தால் அது விசர் நோயாக இருக்கலாம். கிட்டப் போகாமல், நாயை அடைக்க முடிந்தால் அடைத்துவிட்டு உடனே சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

கரண்ட் அடிக்கிற கழுத்துப்பட்டி போனில விக்கிறாங்கள். வாங்கலாமோ?

வேண்டாம். அடியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், யார் அடிக்கிறார் என்று நாய்க்குத் தெரியாது என்பது மட்டும் வித்தியாசம். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இதற்குத் தடை. அந்தக் காசுக்கு நிறைய முட்டை வாங்கலாம்.

"காணும்" எண்டால் நிக்குது. துண்டைத் திண்டிட்டுத் திரும்பவும் குலைக்குது. எங்களை ஏமாத்துதோ?

ஏமாற்றவில்லை, நன்றாகப் படித்திருக்கிறது. குரைத்தால் "காணும்" வரும், "காணும்" வந்தால் துண்டு வரும். ஆகவே துண்டு வேண்டுமென்றால் முதலில் குரைக்க வேண்டும் என்று கணக்குச் சரியாகப் போட்டிருக்கிறது.

இரண்டு திருத்தம். அமைதிக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை நீட்டுங்கள். நடுவில் ஒரு தரம் குரைத்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. அடுத்தது, ஆள் வந்தும் குரைக்காமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால் பெரிய துண்டு கொடுங்கள். குரைத்து நிறுத்துவதற்குச் சின்னக் கூலி, பார்த்து நிற்பதற்குப் பெரிய கூலி. நாய் எது இலாபம் என்று பிடித்துக்கொள்ளும்.

ஆள் வரேக்க தின்னக் குடுத்துப் பழக்கினால், கள்ளனும் இறைச்சித் துண்டைப் போட்டிட்டு வருவானே?

நியாயமான கேள்வி. இதனால்தான் துண்டு எப்போதும் உங்கள் கையிலிருந்து வரவேண்டும், வந்த ஆளின் கையிலிருந்து அல்ல. ஆள் வருவது நல்ல சங்கதி, ஆனால் கூலி வீட்டுக்காரரிடம். விருந்தாளி பிஸ்கட் நீட்டினாலும் வாங்கி நீங்களே கொடுங்கள். நிலத்தில் கிடப்பதை எடுக்காமலிருக்க "விடு" என்ற சொல்லையும் தனியே பழக்கலாம். களவுக்கு வருகிறவர்கள் இறைச்சியில் நஞ்சு வைப்பதும் உண்டு, ஆகவே இது நாயின் உயிருக்கும் நல்லது.

எல்லாருக்கும் அடங்குது. எங்கட சித்தப்பா ஒராளுக்கு மட்டும் விடாமக் குலைக்குது. அவர் கோவிச்சுக்கொண்டு போறார்.

சித்தப்பா எத்தனை மணிக்கு வருகிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பொழுதுபட்டு, கொஞ்சம் குடித்துவிட்டு. நாய் ஆளை மணம், குரல், நடை எல்லாவற்றாலும் அடையாளம் காண்கிறது. தள்ளாடி வருகிற, உரத்துப் பேசுகிற, வேறு மணம் வீசுகிற ஆள், காலையில் சாரத்தோடு வந்த சித்தப்பா என்று அதற்கு விளங்காது. முன்பு ஒரு நாள் காலால் தட்டியிருந்தாரென்றால் அதையும் மறக்காது.

தெளிவாக இருக்கிற காலை நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, மேலே சொன்ன வீதி நாடகத்தை அவரையே வைத்து முதலிலிருந்து செய்யுங்கள். கோபம் இருந்தால் நாயைப் பார்க்காமல் உங்களோடு பேசிக்கொண்டு நிற்கட்டும். பொழுதுபட்ட பிறகு வருகிற நாட்களில் பழக்கப் போக வேண்டாம், நாயைப் பின்வளவில் கட்டிவிடுங்கள். கட்ட நேரம் வேண்டும். படலைக்கு வருமுன் போன் அடிக்கச் சொல்லி வையுங்கள்.